கோபம் வேறு, கசப்பு வேறு: ஆண் பெண் உறவுக்குள் நடப்பது என்ன?

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம் பேசி வரும்போது, சாதகம் பொருந்திய பிறகு, பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊரில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "பெடியன் கோவக்காரனோ?" என்பது. மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் பங்குக்கு, "பிள்ளை வாய்க்காரியோ?" என்று விசாரித்துக்கொள்வார்கள். "மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிகிற ஆளோ?" என்று எவரும் கேட்டு நான் அறியேன். சத்தம் போடுகிறவரைப் பற்றியே நமக்குப் பயம். சத்தம் போடாதவரைப் பற்றி "தங்கமான குணம்" என்று யாராவது சொல்லிவிட்டால் விசாரணை அத்தோடு முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த விடுபட்ட கேள்விதான். காதலர்களுக்கும் கணவன் மனைவிக்கும் இடையில் கோபம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பேசும்போது கோபத்தையும் கசப்பையும் ஒரே கடகத்துக்குள் போட்டுவிடுகிறோம். அதனால் சண்டை பிடிக்கிற சோடியைப் பார்த்து இரங்குகிறோம், சண்டையே பிடிக்காத சோடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். பல வேளைகளில் இரண்டிலும் ஆள் மாறிப்போகிறது. உளவியல் படிக்காதவருக்கும் விளங்கும்படி, இந்த இரண்டும் எப்படி உண்டாகின்றன, ஒன்று மற்றதாக எந்த இடத்தில் மாறுகிறது என்பதை மட்டும் இங்கே சொல்ல முயல்கிறேன்.

ஒரு சொல், இரண்டு வேலை

குழப்பத்துக்கு நமது பேச்சு வழக்கும் ஒரு காரணம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இன்னொன்றைப் பார்த்து "நான் உன்னோட கோவம்" என்று சொல்லும்போது, அந்தக் கணத்தில் அதற்கு உண்மையில் கோபம் இருக்கவேண்டும் என்பதில்லை. இனிக் கதைப்பதில்லை என்ற அறிவித்தல் அது. கதைக்கத் தொடங்கினால் "நேசம்". வளர்ந்த பிறகும் இந்த வழக்கு நம்மை விட்டுப் போவதில்லை. "அவையும் நாங்களும் கோவம்" என்று ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னால், பத்து வருடமாக நல்லது கெட்டதுக்குப் போய்வருவதில்லை என்று பொருள். அதில் கொதிப்பு ஒன்றும் இல்லை. கொதிப்பு ஆறிய பிறகு மிஞ்சிய நிலையைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஒரே சொல், கணநேரக் கொதிப்பையும் ஆண்டுக்கணக்கான விலகலையும் சேர்த்துச் சுமக்கிறது.

பழைய உரையாசிரியர்கள் இந்த விடயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள். காதலர் பிணக்கைக் குறிக்கும் புலவி, துனி என்ற இரு சொற்களில், புலவியை இளைய கலாம் என்றும் துனியை முதிர்ந்த கலாம் என்றும் பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். கலாம் என்றால் பிணக்கு. வயது ஏறினால் பிணக்கு வேறு பொருளாகிவிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கட்டுரையில் கோபம் என்பது, இப்போது நடந்த ஒன்றை அநீதி என்றோ தடை என்றோ உணர்ந்தவுடன் உடலும் மனமும் சேர்ந்து காட்டுகிற விரைவான எதிர்வினை. கசப்பு என்பது, அந்த எதிர்வினை அடங்கிய பிறகும், "இந்த ஆள் இப்படித்தான்" என்ற தீர்ப்பாக உள்ளே தங்கிவிடுவது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தால் சத்தம் கேட்கும், மணம் வரும், ஓடிப்போய் இறக்குவோம், அடுப்பைத் துடைப்போம். அடிப்பிடித்த பாலோ மேலே பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். வாயில் வைத்த பிறகுதான் தெரியும். இன்னுமொரு வேறுபாடும் உண்டு. கோபப்படுகிறவர் மற்றவரிடமிருந்து இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார். கசந்துபோனவர் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டார். இந்தக் கடைசி வேறுபாடுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

கோபம் வந்தவுடன் உடம்பு செய்வது

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு மாலை. ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்று கணவர் சொல்லியிருக்கிறார். மனைவி சேலை உடுத்து, பூ வைத்து, அர்ச்சனைத் தட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு விறாந்தையில் நிற்கிறார். மோட்டார் சைக்கிள் ஏழேகாலுக்குப் படலையடியில் வந்து நிற்கிறது.

"வேலை கூடிப்போச்சு."

"ஒரு கோல் எடுத்துச் சொல்ல ஏலாதே?"

"வந்ததும் வராததுமாத் தொடங்கிட்டீர்!"

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் இந்த மூன்று வரிகளுக்குள் இரண்டு உடம்புகளில் நிறைய நடந்துவிடுகிறது. மூளையின் ஆழத்தில் அமிக்டலா என்ற ஒரு சிறு பகுதி இருக்கிறது. வருவது ஆபத்தா என்பதை விரைந்து மதிப்பிடுவது அதன் வேலைகளில் ஒன்று. வளவில் கட்டியிருக்கும் நாயைப் போன்றது அது. வருகிறவர் கள்ளனா தபாற்காரரா என்று பார்ப்பதற்கு முன்பே குரைத்துவிடும். அது எழுப்புகிற எச்சரிக்கையால் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்க, இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலெழுகிறது. சற்றுப் பிந்தி, கோட்டிசோல் என்ற இன்னொரு சுரப்பு வந்து அந்த விழிப்பு நிலையை நீட்டிவைக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், நிதானமாக எடைபோடுகிற முன்மூளைப் பகுதியின் பிடி அந்த நேரத்தில் தளர்ந்துவிடுகிறது.

உடம்பு இப்படி நிரம்பி வழிந்து, எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழுந்தும் மனதில் ஏறாத நிலையை உணர்ச்சி வெள்ளம் என்று சொல்லலாம். தம்பதியரை ஆய்வுகூடத்தில் இருத்தி, சண்டை பிடிக்கவைத்து, இதயத்துடிப்பையும் அளந்து பார்த்த அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன், துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100ஐத் தாண்டினால் பயனுள்ள பேச்சுக்கு இடமில்லை என்றும், உடம்பு அமைதிக்குத் திரும்பக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்றும் கூறுகிறார். விறாந்தையில் நடந்த அந்த உரையாடலில் "விளங்கப்படுத்தினால் விளங்கும்" என்று கணவர் நினைத்ததும், "கேட்டால் ஒத்துக்கொள்வார்" என்று மனைவி நினைத்ததும் ஏன் நடக்கவில்லை என்பது இப்போது தெரிந்திருக்கும். கேட்கும் கருவி பழுதாக இருந்த நேரத்தில் இருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிடுவது நல்லதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பரவலான நம்பிக்கை இது; ஆனால் பிழையானது. 2002ஆம் ஆண்டு பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை இன்னொருவர் மோசமாக இகழ்ந்ததாகக் காட்டிக் கோபமூட்டிய பிறகு, ஒரு பகுதியினர் இகழ்ந்தவரையே நினைத்துக்கொண்டு குத்துப்பையில் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் சும்மா இருந்தார்கள். குத்தியவர்களின் கோபம் தணியவில்லை. சும்மா இருந்தவர்களைவிட அவர்களே கூடுதலான கோபத்தோடும் மூர்க்கத்தோடும் இருந்தார்கள். அவர்களுக்குக் கெடுதல் செய்தது குத்துவதைவிட, குத்தும்போது அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருந்ததுதான். இந்த "நினைத்துக்கொண்டிருத்தல்" அடுத்த பகுதிக்கு வேண்டும், நினைவில் வையுங்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவே: கோபம் என்பது விரைவாக வந்து விரைவாகப் போகக்கூடிய ஓர் உடல்நிலை. அது இருக்கும்போது பேச்சு ஏறாது. ஊதினால் வளரும், விட்டால் அடங்கும்.

கிணறு உவராகும் விதம்

கசப்பு எப்படி உண்டாகிறது என்பதற்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. நமது கிணறுகளே போதும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாற்றிலும் மாரியில்தான் நீர் ஓடும். நாம் குடிப்பது, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கிய மழைநீரை. கடலிலிருந்து உள்ளே புகுந்த உவர்நீர் அடியில் கிடக்க, நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் அதற்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள் களைத்ததும் இறைப்பு நின்றது, கிணறு ஊறிக்கொண்டது. இயந்திரம் களைப்பதில்லை. மழை கொடுத்ததைவிடக் கூடுதலாக இறைத்தால் மேலே உள்ள நன்னீர்ப் படை மெலிந்து, அடியில் கிடந்த உவர் மேலேறுகிறது. எட்டிப் பார்த்தால் கிணற்றில் தண்ணீர் இருக்கும். தேத்தண்ணி போட்டுக் குடித்துப் பார்க்கும்போதுதான் விடயம் தெரியும்.

உறவில் அந்த உவரை மேலேற்றுகிற செயல் இரண்டு. முதலாவது அசைபோடல்: நடந்து முடிந்த ஒன்றை மனம் திரும்பத் திரும்ப எடுத்து மெல்லுவது. மாடு அசைபோட்டால் புல் செரிக்கும். மனிதன் அசைபோட்டால் செரிப்பதற்குப் பதிலாகக் கதை செம்மையாகிறது. அர்ச்சனைத் தட்டோடு நின்ற மனைவி இரவு படுக்கையில் அந்தக் காட்சியை நாலாம் முறை ஓட்டிப் பார்க்கும்போது, கணவரின் சட்டையில் இருந்த வியர்வை அதில் இல்லை. அவர் குரலில் இருந்த எரிச்சல் மட்டும் இருக்கிறது. கணவர் ஓட்டிப் பார்க்கும் காட்சியில் அந்தத் தட்டு இல்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடம்பு சிறிதளவு மீண்டும் சூடேறுகிறது. புஷ்மனின் குத்துப்பை இங்கே தலையணை.

இரண்டாவது செயல் காரணம் கற்பித்தல். மற்றவர் செய்த ஒரு செயலுக்கு "ஏன்" என்ற கேள்வியை மனம் எழுப்பி, விடையையும் தானே கொடுத்துக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஏழேகாலுக்கு வந்ததற்கு மூன்று விடைகள் கிடைக்கும். இன்று வேலை கூடியிருக்கும் என்பது ஒன்று. இவர் எப்போதும் நேரத்தை மதிக்காத ஆள் என்பது இரண்டு. என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போக இவருக்கு விருப்பமில்லை, வேண்டுமென்றே பிந்தினார் என்பது மூன்று. முதல் விடை கோபத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது குணத்தைப் பற்றிய தீர்ப்பு, மூன்றாவது உள்நோக்கத்தைப் பற்றிய தீர்ப்பு. இவை இரண்டும் அடுத்த நாளும் செல்லுபடியாகும். 1980களில் பிராங் பிஞ்சம், தோமஸ் பிராட்பரி போன்ற ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து கண்டது, மணவாழ்வில் மகிழ்ச்சி குறைந்தவர்கள் துணையின் பிழைக்குக் குணத்தையும் உள்நோக்கத்தையும் காரணமாகச் சொல்கிறார்கள் என்பதையும், துணை செய்த நன்மைக்குச் சந்தர்ப்பத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள் என்பதையும்தான். பிழை என்றால் அவருடைய சொந்தச் சரக்கு, நன்மை என்றால் அன்றைக்கு ஏதோ நடந்துவிட்டது.

இந்த இரண்டும் சேர்ந்து ஓடும்போது மனதுக்குள் ஒரு கணக்குக் கொப்பி திறக்கப்படுகிறது. அதில் செலவுப் பக்கம் மட்டுமே எழுதப்படும். முன்பெல்லாம் அந்தக் கொப்பிக்கு மறதி என்ற ஒரு கறையான் இருந்தது. வாயால் சொன்ன சொல் காற்றோடு போனது. இப்போது வாட்ஸ்அப்பில் அது நாள், மணி, நிமிடத்தோடு கிடக்கிறது. நள்ளிரவில் மேலே தள்ளித் தள்ளி, மார்ச் மாதத்தில் அவர் எழுதிய ஒற்றை வரியைத் தேடி எடுத்து மீண்டும் வாசிக்கலாம். அசைபோடுவதற்கென்றே செய்த இயந்திரம் போல அது இருக்கிறது.

ஒரே தேத்தண்ணி

கசப்பு வேலை செய்யும் விதத்தைக் காட்ட ஒரு குவளை தேத்தண்ணி போதும். சண்டைக்குப் பிறகு, ஒன்றும் நடவாதது போல ஒருவர் குசினியிலிருந்து "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்கிறார். மன்னிப்பு என்ற சொல் அதிகம் புழங்காத நமது வீடுகளில் மன்னிப்புக் கேட்பதற்கு இருக்கும் முக்கியமான வழி இது. இதற்குச் சமாதானச் சமிக்ஞை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கோபம் மட்டும் இருக்கிற வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு முறைப்பு வரலாம், ஒரு "உம்" வரலாம். எப்படியோ தேத்தண்ணி குடிக்கப்படும், அத்தோடு சண்டை முடிந்துவிடும். கசப்பு ஊறிய வீட்டிலும் அதே கேள்வி, அதே குரல், அதே சீனி. ஆனால் அது காதில் விழுகிறவரின் மனம், "ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கு, அதுதான் இந்தக் குழைவு" என்று மொழிபெயர்த்துக்கொள்ளும். சமிக்ஞை அனுப்பப்பட்டது, போய்ச் சேரவில்லை. போய்ச் சேராத சமிக்ஞையை ஒருவர் எத்தனை நாளைக்கு அனுப்புவார்? ஒரு நாள் அவரும் நிறுத்திவிடுவார். நிறுத்தியதும் கொப்பியில் ஒரு பதிவாகும். கசப்பின் கொடுமை, அது தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்வதில் இருக்கிறது.

இளக்காரமும் மதிலும்

சண்டை பிடிக்கும் சோடிகளில் எவை பிரிகின்றன என்பதை அறிய, சியாட்டில் நகரத்தில் கொட்மனும் அவருடைய குழுவினரும் 130 புதுமணத் தம்பதியரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பலர் எதிர்பார்த்ததற்கு மாறாக, கோபம் காட்டுவது பிரிவுக்கு அறிகுறியாக இருக்கவில்லை. அறிகுறியாக நின்றவை இளக்காரம், வம்புக்கு இழுத்தல், எதைச் சொன்னாலும் தற்காப்பில் இறங்குதல் ஆகியவையே. கொட்மனின் வேறு ஆய்வுகளின்படி, நிலைத்து நிற்கும் தம்பதியர் வாக்குவாதத்துக்கு நடுவிலும் கடுமையான ஒவ்வொரு சொல்லுக்கும் செயலுக்கும் எதிராக ஏறத்தாழ ஐந்து இணக்கமானவற்றைக் காட்டுகிறார்கள். ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, "ஓம், அது உண்மைதான்" என்ற ஒரு வார்த்தை எல்லாம் இணக்கத்தில் சேரும். அமெரிக்கத் தம்பதியரிடம் கண்ட எண்களை அப்படியே நமது வளவுகளுக்குள் கொண்டுவந்து நடமுடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மாமியும் மச்சாளும் அடுத்த அறையில் இருக்கும் வீட்டில் வாக்குவாதமே வேறு மாதிரி நடக்கும். ஆனால் இளக்காரம் எது என்று கண்டுகொள்ள நமக்கு ஆய்வுகூடம் தேவையில்லை.

இளக்காரம் என்பது மற்றவரைத் தன்னைவிடக் கீழே நிறுத்தி வைத்துப் பேசுவது. "ஏன் பிந்தினீர்கள்?" என்று கேட்பது கோபம். "உங்களிட்டை நேரத்தைக் கேட்டது என்ரை பிழைதான்" என்று வாயைக் கோணி நெளிப்புக் காட்டுவது இளக்காரம். முதலாவதற்கு விடை சொல்லலாம். இரண்டாவதற்குச் சொல்ல விடையே கிடையாது.

நமது பேச்சில் இதை அளக்க ஒரு கருவியே இருக்கிறது. நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகள் யாழ்ப்பாணத் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நாள் முழுவதும் மனைவியை "நீர்" என்று சொல்லும் கணவர் ஒரு கணத்தில் "நீ" என்று இறங்கினால், கோபம் வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். இரவுக்குள் "நீர்" திரும்பி வந்துவிட்டால் எல்லோரும் ஆறுதலடைவார்கள். கசந்த வீட்டிலோ இறங்குவதற்குப் படியே இருக்காது, முன்னிலைச் சொல்லே காணாமற்போய்விடும். "சாப்பாடு மேசையில இருக்கு" என்று சுவருக்குச் சொல்லப்படும். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "பிறகு சாப்பிடுறன் எண்டு அம்மாட்டைச் சொல்லு" என்று, இருவரும் ஒரே அறையில் இருக்க, ஏழு வயதுப் பிள்ளை நடுவில் நின்று தூது போகும். இப்படி வளர்ந்தவர்கள் நம்மில் கொஞ்சப் பேர் அல்ல.

பதில் சொல்லாமல், முகம் கொடுக்காமல், மற்றவரைத் தன் பார்வையிலிருந்தே நீக்கிவிடுவதை மதில் எழுப்புதல் என்று சொல்லலாம். முன்பு வளவுகளைப் பிரித்தது கிடுகு வேலி. அதில் எங்காவது ஒரு பொட்டு, ஆள் நுழையக்கூடிய ஓர் இடைவெளி, இருக்கும். பெண்கள் அதனூடாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிவருவார்கள், வேலிச் சண்டை நடந்துகொண்டிருக்கும் காலத்திலும். மதிலில் பொட்டு வைக்கமுடியாது. சண்டை பிடிக்கிற சோடிக்கு இடையில் இருப்பது வேலி. கதைக்காமல் இருக்கும் சோடிக்கு இடையில் இருப்பது மதில். தெருவில் நின்று பார்ப்பவருக்கு மதில்தான் அழகாகத் தெரியும்.

துரத்துபவர் யார், விலகுபவர் யார்

பெண்கள் நச்சரிப்பவர்கள், ஆண்கள் வாய் திறவாதவர்கள் என்ற பேச்சு உலகம் முழுவதும் உண்டு. கோபம் வரும் அளவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. காட்டும் விதத்தில்தான் பழக்கம் புகுந்துவிடுகிறது. ஒருவர் பேசவேண்டும் என்று நெருக்க, மற்றவர் நழுவ, நழுவுவதால் இவர் இன்னும் நெருக்க, நெருக்குவதால் அவர் இன்னும் நழுவுகிற சுழலுக்குத் துரத்தல்–விலகல் என்று பெயர் கொடுக்கலாம். அன்ட்ரூ கிறிஸ்ரென்சனும் கிறிஸ்தோபர் ஹெவியும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மனைவி மாற்றம் வேண்டும் என்று கேட்கும் விடயத்தைப் பேசும்போது மனைவி துரத்துவதும் கணவர் விலகுவதும் தெளிவாகத் தெரிந்தது. கணவர் மாற்றம் கேட்கும் விடயத்தைப் பேசும்போதோ அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இருக்கிற நிலைமை யாருக்கு வசதியோ அவருக்கு அதைப் பற்றிப் பேசவேண்டிய தேவை குறைவு. துரத்துவது குணத்தைவிட, அவரவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

இங்கே நமது ஊருக்கே உரிய ஒரு முடிச்சைச் சொல்லாமல் போகமுடியாது. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் வீடு பெண்ணின் சீதனம். கணவர் வந்து குடியேறுவது மனைவியின் பெயரில் உறுதி எழுதிய வீட்டில், பல வேளைகளில் மாமன் மாமியின் வளவுக்குப் பக்கத்தில். ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்கென்று உள்ள தேசவழமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் சம்மதம் வேண்டும். வீடு தன்னுடையதில்லை என்று அவருக்கு ஒரு முள். தன்னுடையதாக இருந்தும் முழுதாகத் தன்னுடையதில்லை என்று இவருக்கு ஒரு முள். சண்டையில் "உங்கட வீடுதானே, நீங்களே முடிவெடுங்கோ" என்று ஒருவர் விலகும்போது, பேச்சு அந்த நிமிடத்தில் கூரை ஓட்டைப் பற்றி இருந்தாலும், குத்துவது அந்த முள்தான்.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு நிச்சயமாகி, விசாவுக்காகக் காத்திருப்பவர்களின் நிலைமை இன்னும் சிக்கல். ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் வித்தியாசம். ஒருவர் வேலை முடிந்து களைத்து அழைக்கும் நேரம் மற்றவர் விடியற்காலையில் அவசரமாக இருக்கும் நேரம். நீலக் கோடு விழுந்தும் மறுமொழி வராத ஒரு செய்திக்குக் காரணம் கற்பிக்க, முகம் இல்லை, குரல் இல்லை, மோட்டார் சைக்கிளில் வந்த வியர்வை இல்லை. "வேண்டுமென்றே" என்ற அந்த மூன்றாவது விடைதான் முதலில் வரும்.

உடம்பும் கணக்கு வைக்கிறது

சுருக்கமாக ஒன்று. 2005இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜனிஸ் கீகோல்ட்-கிளேசரும் குழுவினரும் 42 தம்பதியரின் கையில் சிறிய கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்தார்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு புண் ஆறுவது பிந்தியது. ஒருவர்மேல் ஒருவர் பகைமை கூடிய தம்பதியருக்கு, அது குறைந்தவர்களுக்கு ஆறிய வேகத்தில் 60 சதவீத வேகத்திலேயே ஆறியது. "மனசுதானே, உடம்புக்கு என்ன" என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் சொல்வது வழக்கம்.

கோபம் என்ற பெயரில் வேறொன்று

அடிப்பது, அடிப்பேன் என்று வெருட்டுவது, காசையும் தொலைபேசியையும் பறித்து வைத்திருப்பது ஆகியவை கோபத்தின் கூடிய அளவுகள் அல்ல. அலுவலகத்தில் மேலதிகாரி ஏசும்போது கையை அடக்கிக்கொள்ளத் தெரிந்தவர் வீட்டுக்கு வந்து மட்டும் ஓங்கினால், அது கட்டுப்பாடு இழந்த கோபம் அல்ல, ஆளைப் பார்த்துச் செய்யும் வன்முறை. இந்தக் கட்டுரையில் சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது. இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. "கோவக்காரன், ஆனால் நல்லவன்" என்ற சமாதானத்தை இப்படியான இடத்தில் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு சட்டச் செய்தியையும் சொல்லிவிடலாம். நமது பொதுத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு உள்ள காரணங்கள் பிறர்மனைத் தொடர்பு, தீய எண்ணத்தோடு கைவிடல், மணம் முடித்தபோதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்றவைதாம். கசப்பு அதில் இல்லை. பிரிய நினைக்கும் இருவர் ஒருவர்மேல் ஒருவர் குற்றத்தைத் தேடி எடுத்து அடுக்கவேண்டியிருக்கிறது. கணக்குக் கொப்பிக்கு நீதிமன்றமே தாள் சேர்த்துக் கொடுக்கிறது.

இறங்கி வரும் வழி

கோபத்துக்கும் கசப்புக்கும் மருந்து வேறு வேறு என்பதையே இவ்வளவு நேரமும் சொல்ல வந்தேன். கோபத்துக்கு நேரம் மருந்து. ஆனால் சொல்லாமல் எழுந்து போவது மற்றவருக்கு மதிலாகத் தெரியும்; "இப்ப ஏலாது, எட்டு மணிக்குக் கதைப்பம்" என்று திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது பொட்டு வைத்த வேலி. இடையில் முற்றம் கூட்டலாம், கிணற்றடிக்குப் போகலாம். அசைபோட மட்டும் கூடாது. எட்டு மணிக்குத் திரும்பி வருவது இதில் பாதி வேலை, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தொடங்கும் விதமும் கணக்கில் சேரும். "ஆறு மணிக்கு வருவியள் எண்டு வெளிக்கிட்டு நிண்டனான், பெரிய கவலையாப் போச்சு" என்பது நடந்த ஒன்றைப் பற்றிய முறைப்பாடு. "உங்களுக்கு எப்பவும் நான் கடைசிதான்" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. மேலே சொன்ன 1998ஆம் ஆண்டு ஆய்வில், பேச்சை மென்மையாகத் தொடங்கிய மனைவியரும், மனைவி சொல்வதை ஏற்று இணங்கிப்போன கணவர்மாரும் இருந்த மணங்களே நிலைத்தன. ஆண்கள் இதன் முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கசப்புக்கு நேரம் மருந்தல்ல. நேரம்தான் அதன் எரு. "சரி, எல்லாத்துக்கும் மன்னிச்சுக்கொள்ளும்" என்ற மொத்த வியாபார மன்னிப்பும் வேலை செய்யாது, ஏனென்றால் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமலே கணக்கை மூடக் கேட்பது அது. வாசிக்கவேண்டும், ஒவ்வொரு பதிவாக. அது இருவருக்கும் முடியாதபோது மூன்றாம் ஆள் ஒருவர் தேவைப்படுவார். உளவளத்துணையாளர் என்று நாம் சொல்வது அவரைத்தான். குடும்பப் பெரியவர்கள் அந்த வேலையைச் செய்த காலம் உண்டு, ஆனால் பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு பக்கம் இருந்தது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காஸ் சிலிண்டர் முடியப்போகிறது என்று இரண்டு நாளாகச் சொல்லியும் நான் மாற்றிவைக்காமல் விட்டதில் சண்டை தொடங்கியது. பாதியில் மனைவி திடீரென்று, "அம்மாவின்ரை ஒப்பரேசன் அண்டைக்கு எத்தினை மணிக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டார். நான்கு வருடத்துக்கு முந்தைய கதை அது. இரவு ஒன்பது மணிக்குப் போயிருந்தேன்; மாமிக்குச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது; என்னளவில் அது நல்லபடியாக முடிந்த ஒரு நாளாகவே நினைவில் இருந்தது. மனைவியின் நினைவில் இருந்தது பிற்பகல் இரண்டு மணி. "ஏதும் நடந்தால் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை எண்டு எழுதின தாளிலை தனிய நிண்டு கையெழுத்து வைச்சனான்."

"நீர் அப்ப சொல்லேல்லையே" என்று வாய்வரை வந்ததை எப்படியோ விழுங்கிவிட்டேன். எந்த வாசலில் நின்றீர், பக்கத்தில் யார் இருந்தார்கள், பேனை யார் தந்தது என்று கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னார். பேனையை ஒரு சிற்றூழியர் தந்தாராம், அவருடைய முகம்கூட நினைவிருக்கிறதாம். "ரண்டு மணிக்கு நான் அங்கை நிண்டிருக்கவேணும்" என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் சிலிண்டர் உண்மையிலேயே முடிந்துவிட்டது. அரைவாசி வெந்த புட்டுப் பானைக்கு முன்னால் நின்று, சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அந்தத் தடவை அது காஸைப் பற்றிய சண்டையாக மட்டும் இருந்தது.